கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஃபேன்டஸி நாவல் தரும் ஆறுதல்: எதை, எப்படிப் படிப்பது?

அரைநிலா

வணக்கம். மதம், சடங்கு, பிரார்த்தனை எதுவும் வேண்டாம் என்று இருப்பவர்களுக்குத் துக்கம் வரும்போது ஒரு சிக்கல். மற்றவர்கள் கையில் தேவாரமோ குர்ஆனோ சங்கீதமோ இருக்கிறது. எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று செய்யவும் ஏதோ இருக்கிறது. நமக்கு அந்த இடம் காலி. தத்துவப் புத்தகங்கள் விளக்கம் சொல்கின்றனவே தவிர தோள் கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்து அந்த வேலையை ஓரளவு செய்பவை ஃபேன்டஸி நாவல்கள். அதனால் சில கேள்விகள்:

1. இல்லாத உலகத்தில் ஆறுதல் தேடுவதும் இல்லாத கடவுளிடம் தேடுவதும் ஒன்றுதானே? வேறுபாடு உண்டா?
2. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தீவிரக் கத்தோலிக்கர். நார்னியா கதைகள் எழுதிய சி.எஸ். லூயிஸ் கிறிஸ்தவத்துக்காகவே வாதாடியவர். நாத்திகர் அவர்களை எப்படிப் படிப்பது?
3. மரணம், சொந்தத் தோல்வி, நாட்டு நடப்பைப் பார்த்து வரும் விரக்தி. எதற்கு எது?
4. வாரம் ஒருமுறை உட்கார்ந்து செய்கிற மாதிரி ஏதாவது முறை இருக்கிறதா?

"மனசுக்குப் பிடிச்சதைப் படிங்க" என்ற பதில் வேண்டாம். அத்தியாயம் வரை சொன்னால் நல்லது. ஸ்பாய்லர் பரவாயில்லை.

---

ஓலைநறுக்கு

முதல் கேள்விக்கு டோல்கீனிடமே பாதி பதில் இருக்கிறது. 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றிப் பேசினார். 1947-ல் அது கட்டுரையாக வந்தது. பழகி மங்கிப்போன உலகத்தைத் திரும்பப் புதிதாகப் பார்ப்பது, தப்பிப்பது, ஆறுதல் அடைவது என்று மூன்றை அதில் பேசுகிறார். சிறையில் கிடப்பவன் வீட்டை நினைப்பதும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல, ஏளனம் செய்பவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள் என்பது அவர் வாதம். எல்லாம் முடிந்தது என்ற கட்டத்தில் கதையில் வரும் திடீர் மீட்சியைப் பற்றிச் சொல்லும்போதும், அது மறுபடி வரும் என்று நம்பி இருக்கக்கூடாது என்று சேர்த்தே சொல்கிறார். பின்னுரையில்தான் இதையெல்லாம் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோடு இணைக்கிறார். பின்னுரைக்கு முன்பே நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். அதுவரை உள்ள வாதத்துக்குச் சேதம் இல்லை.

வேறுபாடு என்று கேட்டால்: பிரார்த்தனை பலிக்க, கேட்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கதை பலிக்க அதன் நாயகன் ஃப்ரோடோ நிஜத்தில் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி. 1953 டிசம்பரில் ஒரு பாதிரியார் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் நாவல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்றும், அதனாலேயே வழிபாடு, மதம் பற்றிய குறிப்புகளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டதாகவும் டோல்கீன் சொல்கிறார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முழுக்கத் தேடினாலும் கோயில், பூசாரி என்று எதுவும் பெரிதாகத் தென்படாது. ஃபாராமிர் என்ற படைத்தலைவனின் ஆட்கள் சாப்பிடும் முன் மேற்கே பார்த்து ஒரு கணம் நிற்பார்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே நீங்கள் எதையும் ஒதுக்கிவிட்டுப் படிக்க வேண்டியதில்லை. லூயிஸ் அப்படி இல்லை. நார்னியா ஏழாம் புத்தகத்தில் (1956) எல்லோரும் ரயில் விபத்தில் இறந்து நிஜ நார்னியாவுக்குப் போய்விடுவார்கள். அவர்களின் சகோதரி சூசன் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. துக்கத்தில் இருக்கும் நம்பிக்கையற்றவர் அதைப் படித்தால், குடும்பத்தையே இழந்து பூமியில் தனியாக நிற்கும் சூசனோடுதான் போய் நிற்பார். இப்போதைக்கு வேண்டாம்.

மரணத்துக்கு என் முதல் தேர்வு உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நாவல் வரிசை. மதம் இல்லாத வீட்டில் வளர்ந்தவர், மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள், தாவோ என்ற சீனத் தத்துவ மரபில் ஊறியவர். 1997-ல் அதன் மூலநூலான தாவோ தே ஜிங்கைத் தன் நடையில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூன்றாம் புத்தகமான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972) சாவே வேண்டாம் என்று ஒரு மந்திரவாதி கதவைத் திறந்துவிட்டதன் விளைவைச் சொல்கிறது. யாரும் சாக வேண்டாம் என்றதும் உலகத்தில் இருந்து சுவை வடிந்துபோகிறது. ஆறாம் அத்தியாயத்தில் லோர்பனெரி என்ற தீவு வரும். பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே சாயம் போடுபவர்களுக்கு வேலை கைவிட்டுப் போயிருக்கும், நெசவு பாழ், யாருக்கும் அதில் வெட்கம்கூட இல்லை. எட்டாம் அத்தியாயத்தில் நாயகனான மந்திரவாதி கெட், தன்னோடு வரும் இளவரசன் ஆரெனிடம் மரணத்தைப் பற்றிப் பேசுவான். முதலில் லோர்பனெரி, அப்புறம் அந்தப் பேச்சு. வரிசையை மாற்றி நேராகப் பேச்சுக்குப் போனால் வெறும் உபதேசமாகத் தெரியும்.

இதில் ஒரு குறை உண்டு, லெ குவினே பின்னால் சரிசெய்தார். மூன்றாம் புத்தகத்தில் இறந்தவர்கள் போகும் வறண்ட நிலம் கொடுமையானது: காதலுக்காக உயிர்விட்டவர்கள் தெருவில் ஒருவரையொருவர் கடந்துபோவார்கள், அடையாளம் தெரியாது. ஆறாம் புத்தகத்தில் (2001) அந்த நிலத்தை உயிருள்ளவர்களிடமிருந்து பிரிக்கும் சுவர் இடிக்கப்பட்டு, இறந்தவர்கள் வெளிச்சத்தில் கலந்து மறைவார்கள். மறுமை இல்லை, தண்டனை இல்லை, உலகத்தோடு சேர்வது மட்டும். அதன் நாயகன் ஆல்டர் உடைந்த பானையைச் சேர்க்கும் சின்ன மந்திரக்காரன். செத்துப்போன மனைவி கனவில் சுவருக்கு அப்பால் இருந்து கூப்பிடுகிறாள். அவனுக்கு வைத்தியமாகக் கிடைப்பது பக்கத்தில் படுத்துக்கொள்ள ஒரு பூனைக்குட்டி. உயிருள்ள ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் கனவு அண்டாது.

அவசரத்தில் மூன்றிலிருந்து ஆறுக்குத் தாவாதீர்கள். இரண்டில் வரும் தெனாரும் நான்கில் வரும் தெஹானுவும் ஐந்தாம் தொகுப்பின் கடைசிக் கதையில் வரும் இரியனும் இல்லாமல் அந்த முடிவு பிடிபடாது. முதல் புத்தகம் பத்தே அத்தியாயம். இரவுக்கு ஒன்று போதும்.

வீட்டில் யாருக்காவது தீராத நோய் என்றால் பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011). நார்னியாவின் 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வை அந்த நேரத்தில் தொடவே கூடாது: அங்கே சிங்கம் கண்ணீர் விடும், ஆப்பிள் கொடுக்கும், அம்மா பிழைத்துக்கொள்வாள். நெஸ்ஸிடம் அம்மா பிழைப்பதில்லை. 12:07-க்கு வரும் மரப்பூதம் மூன்று கதை சொல்லிவிட்டு நான்காவதைப் பையனிடம் கேட்கும். "இது சீக்கிரம் முடிந்தால் போதும்" என்று தானும் நினைத்ததுதான் அவன் மறைத்து வைத்திருக்கும் உண்மை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பலருக்கும் உள்ள குற்ற உணர்ச்சி அதுதான். மருத்துவமனை வராந்தாவில் வைத்துப் படிக்கிற புத்தகம் இல்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

தோல்விக்கு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆறாம் பகுதி, மூன்றாம் அத்தியாயம். தீய மோதிரத்தை அழிக்கப் போன ஃப்ரோடோ கடைசி நொடியில் தோற்றுவிடுகிறான். மோதிரம் எனக்கே என்கிறான். காரியம் நடப்பது, மோதிரத்துக்கு அடிமையாகிப் பின்தொடர்ந்து வரும் கொல்லம் என்பவனைக் கொல்லாமல் விட்ட பழைய இரக்கத்தால். அந்த இடத்தில் யாராலும் தாக்குப்பிடித்திருக்க முடியாது, அது ஒழுக்கத் தோல்வி அல்ல என்று டோல்கீன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதோடு கடைசி அத்தியாயத்தையும் படியுங்கள்: காயம் பட்ட அக்டோபர் 6, மார்ச் 13 தேதிகளில் ஃப்ரோடோவுக்கு வருஷா வருஷம் உடம்புக்கு முடியாமல் போகும். ஜெயித்தும் ஆறாத காயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிற கதை அது.

விரக்திக்கு ஆறாம் பகுதி இரண்டாம் அத்தியாயம், எதிரியின் பாழ்நாடான மோர்டோரில் ஃப்ரோடோவின் தோழன் சாம் நட்சத்திரம் பார்க்கும் இடம். ஆனால் நான்காம் பகுதி முழுவதையும் நடந்து வந்தவருக்குத்தான் அது வேலை செய்யும். அந்த ஒரு பத்தியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தவருக்கு அது அழகான பத்தி, அவ்வளவே.

---

மணல்கடிகாரம்

ஓலைநறுக்கு சொன்னது எல்லாம் சரி சார். ஆனா துக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒரு பக்கம் படிச்சா அடுத்த பக்கம் போறதுக்குள்ள முதல் பக்கம் மறந்துடும். அந்த நேரத்துல 62 அத்தியாயம் டோல்கீனைக் கையில கொடுக்கறது நியாயமே இல்ல.

டெர்ரி பிராட்செட் படிக்கச் சொல்லுங்க. மனுஷர் ஊரறிஞ்ச மனிதநேயவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 2007 டிசம்பர்ல தனக்கு அல்ஸைமர்னு அறிவிச்சாரு, 2015 மார்ச்ல இறந்தாரு. அவர் எழுதின டிஸ்க்வேர்ல்ட் வரிசை மொத்தம் 41 நாவல். 1983-ல வந்த முதல் நாவல்ல ஆரம்பிச்சுடாதீங்க, அது மத்த ஃபேன்டஸிகளை நக்கல் பண்றது, அதையெல்லாம் படிக்காதவங்களுக்குச் சப்புன்னு இருக்கும். நிறைய பேர் அங்கயே கழண்டுக்கறாங்க.

சாவுக்கு 'ரீப்பர் மேன்' (1991). காலனுக்கே வேலை போயிடும், ஒரு வயசான அம்மா பண்ணையில கூலிக்குச் சேருவான். கதிர் அறுக்கச் சொன்னா ஒவ்வொரு தாளா தனித்தனியா அறுப்பான். ஏன்னா அவனுக்கு எந்த உயிரும் மொத்தத்துல ஒண்ணு கிடையாது. சிரிச்சுட்டு இருக்கும்போதே தொண்டை அடைக்கும்.

உங்க முதல் கேள்விக்கு 'ஹாக்ஃபாதர்' (1996), கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி. காலன் தன் பேத்தி சூசன்கிட்ட பேசுவான் (நார்னியா சூசன் இல்ல, இவ கில்லாடி). பிரபஞ்சத்தையே பொடியா அரைச்சு சல்லடையில சலிச்சாலும் நீதின்னு ஒரு அணு, கருணைன்னு ஒரு மூலக்கூறு தேறாது. ஆனாலும் அதெல்லாம் இருக்கற மாதிரி நடந்துக்கணும், இல்லன்னா மனுஷன் மனுஷனா இருக்க முடியாது. சின்னப் பொய்ல பழகினாத்தான் பெரிய பொய்யை நம்ப முடியும்பான். கடவுள் இல்லாம அறம் எங்கிருந்து வரும்னு கேக்கறவங்களுக்கு இதைவிட நேர்மையான பதிலை எந்த ஃபேன்டஸியிலயும் பார்த்ததில்ல.

கண்ணு நிக்கலைன்னா ஆடியோ புக் போடுங்க. ஆனா படுத்துக்கிட்டுக் கேட்டா பத்தே நிமிஷத்துல தூக்கம், அடுத்த நாள் எங்க விட்டோம்னு தெரியாது. நடந்துக்கிட்டே கேக்கறது நல்லது. வாரக்கணக்குல தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்கலன்னா அது புத்தகத்துக்கு மேல, டாக்டரைப் பாருங்க.

---

வெள்ளெருக்கு

நான்காவது கேள்விக்கு. முறை இருக்கிறது, அதுவும் மடத்திலிருந்து வந்தது. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி வேதாகமம் வாசிக்க நான்கு படிகளை எழுதி வைத்தார்: வாசி, அசைபோடு, வேண்டு, அமைதியில் இரு. 2016-ல் ஹார்வர்டு இறையியல் பள்ளியில் படித்த வனெஸ்ஸா ஸோல்ட்டன், காஸ்பர் டெர் குய்ல் இருவரும் ஹாரி பாட்டரைப் புனித நூல்போல அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கும் பாட்காஸ்ட் தொடங்கினார்கள். ஸோல்ட்டன் நாத்திகர். கடவுளைக் கூப்பிடாமலே அந்த நான்கு படிகளையும் அவர்கள் மாற்றி அமைத்தார்கள். புனிதம் புத்தகத்தில் இல்லை, நாம் அதை நடத்தும் விதத்தில் இருக்கிறது என்பது அடிப்படை. வேறு எந்த நாவலுக்கும் பொருந்தும்.

ஒரு அத்தியாயம், ஒரு சின்ன இடம், இருபது நிமிடம். உதாரணத்துக்கு 'மவுண்ட் டூம்' அத்தியாயத்தில் சாம் தன் சமையல் பாத்திரங்களைப் பாறைப் பிளவில் வீசும் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் படியில் கதையில் என்ன நடக்கிறது என்பது மட்டும். சுமை குறைக்க வேண்டும், ஃப்ரோடோவால் நடக்க முடியவில்லை, திரும்பி வரும் வழிக்குச் சோறு தேவைப்படாது என்று சாம் முடிவு செய்துவிட்டான். பாத்திரங்கள் உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவு மணி போல் கேட்கிறது. அர்த்தம் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் இதிலேயே இருங்கள்.

இரண்டாவது, இது வேறு எதை நினைவூட்டுகிறது? இதே பாத்திரத்தில்தான் நான்காம் பகுதியில் முயல் குழம்பு வைத்தான். மணிமேகலையின் அமுதசுரபி ஞாபகம் வரலாம். ஒருவர் ஊருக்கே சோறு போடப் பாத்திரம் ஏந்துகிறார், இன்னொருவர் பாத்திரத்தையே எறிகிறார். எது வந்தாலும் சரி, வருவதை எழுதுங்கள்.

மூன்றாவது, என் வாழ்க்கையில் இது எங்கே? நான் இன்னும் தூக்கிக்கொண்டு நடக்கும் பாத்திரம் எது?

நான்காவது, இந்த வாரம் செய்ய ஒரு காரியம். அது நாள், ஆள், செயல் மூன்றும் உள்ளதாக இருக்க வேண்டும். "இனி எதையும் பிடித்துவைக்க மாட்டேன்" என்பது செல்லாது. "சனிக்கிழமை அப்பாவின் சட்டைகளில் பாதியைச் சித்தப்பாவிடம் கொடுப்பேன்" என்பது செல்லும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் படியைத் தாவுவதால்தான். தாவினால் கதை காணாமல் போய், நம் கவலையை நாமே சுற்றிவருவோம். அதற்குப் புத்தகமே வேண்டாம். இன்னொன்று, மேற்கோள் பதாகைகளில் அடிக்கடி வரும் வரிகளைத் தேர்ந்தெடுப்பது. அவற்றின் அர்த்தம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, தோண்ட ஒன்றும் இருக்காது. பாத்திரம், கயிறு, உப்பு வருகிற இடங்களாகப் பாருங்கள். குழுவாகச் செய்தால் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம், நாலாம் படியில் ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தவும் கூடாது.

தனியாகச் செய்ய இன்னும் எளிது ஒன்று உண்டு. அத்தியாயத்துக்கு ஒரு வரி, கண்ணில் பட்டு நின்றதை நோட்டில் பக்க எண்ணோடு எழுதுங்கள். பத்து சேர்ந்ததும் ஏதேனும் இரண்டை அடுத்தடுத்து வைத்து, ஒன்று மற்றதுக்குப் பதில் சொல்வதுபோல் வாசியுங்கள். வேறு வேறு புத்தகத்து வரிகள் என்றால் இன்னும் நன்றாகப் பேசிக்கொள்ளும்.

திதி, திவசத்துக்குப் பதில் நாள் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. ஜனவரி 3 டோல்கீன் பிறந்தநாள், அன்று இரவு 9 மணிக்கு அவரவர் ஊரில் குவளையைத் தூக்கி "பேராசிரியருக்கு" என்பார்கள். மார்ச் 25 மோதிரம் அழிந்த நாள், டோல்கீன் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. (இடைக்கால மரபில் சிலுவையேற்றத்துக்கும் அதே தேதி சொல்வதுண்டு, டோல்கீன் சும்மா வைக்கவில்லை.) செப்டம்பர் 22 பில்போ, ஃப்ரோடோ பிறந்தநாள், ஹாபிட் (அவர்களுடைய குள்ள மனித இனம்) வழக்கப்படி பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குப் பரிசு தர வேண்டும். மே 25 பிராட்செட் வாசகர்கள் லைலாக் பூ குத்திக்கொள்ளும் நாள்.

---

அரைநிலா

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. சடங்கு இல்லாத படத்திறப்பு, நினைவேந்தல் நிகழ்ச்சியில் இப்படி ஏதாவது வாசிக்கலாமா? 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 2003 படத்தில் மந்திரவாதி காண்டால்ஃப், பிப்பின் என்ற ஹாபிட்டிடம் மரணத்துக்கு அப்பால் வெண்கரையும் பச்சை நிலமும் இருப்பதாகச் சொல்லும் இடம் பலருக்குப் பிடிக்கும். அது பொருந்துமா?

---

ஓலைநறுக்கு

பொருந்தாது என்பேன். அந்த வசனம் நாவலில் மரணத்தைப் பற்றியதே அல்ல. கடைசி அத்தியாயத்தில் ஃப்ரோடோவின் கப்பல் மேற்கே போய்ச் சேரும்போது உயிரோடு அவன் பார்க்கும் காட்சி அது. அதற்கு முன் டாம் பாம்படில் வீட்டில் அதையே கனவில் பார்த்திருப்பான். ஃப்ரோடோ அங்கே ஆறுவதற்குத்தான் போகிறான், சாவு அவனுக்கு அப்புறமும் உண்டு. படம் அதை எடுத்துச் சொர்க்கமாக்கிவிட்டது. மறுமையை நம்பாத ஒருவரின் நினைவேந்தலில் அதை வாசித்தால், இறந்தவர் மறுத்த ஒன்றை அவர் படத்துக்கு முன்னால் நின்று சொன்னதாகும்.

பிலிப் புல்மனின் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) நன்றாகப் பொருந்தும். இறந்தவர்கள் பாதாள உலகத்திலிருந்து வெளியே வந்ததும் காற்றிலும் புல்லிலும் கரைந்துபோகும் இடம். வாசிப்பு மூன்று நிமிடத்துக்குள், தமிழில் நீங்களே மொழிபெயர்த்தால் 250 சொல் தாண்டாமல். முன்கதை இரண்டே வாக்கியம். இரண்டு பெயருக்கு மேல் வரும் பத்தியை எடுக்காதீர்கள். லைரா யார், ரோஜர் யார் என்று பின்வரிசையில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தாளில் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு அச்சிடுங்கள். மைக் முன்னால் கை நடுங்கும்போது செல்போன் திரை உதவாது.

அதே நாவலில் இருந்து வாசிக்காமலே எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பாதாளத்தைக் காக்கும் ஹார்ப்பிகளிடம் (பெண் முகமும் பறவை உடலும் கொண்டவை) நாயகியான சிறுமி லைரா ஜோடித்த கதையைச் சொன்னால் பொய்க்காரி என்று கத்திப் பாய்ந்து பிறாண்டும். ஆக்ஸ்ஃபோர்டு களிமண் மேட்டில் பிள்ளைகளோடு போட்ட சண்டையை, மண் வாசனை உட்பட நடந்தபடி சொன்னால் அடங்கிப்போய்க் கேட்கும். நினைவேந்தலில் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்: "பண்பாளர், பாசமானவர்" வேண்டாம், அவர் செய்த ஒரு காரியத்தை நடந்தது நடந்தபடி, ஆளுக்கு இரண்டு நிமிடம்.

---

மணல்கடிகாரம்

இணையதளம் வச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. பிராட்செட்டோட 'கோயிங் போஸ்டல்' (2004) நாவல்ல கிளாக்ஸ்னு ஒரு தந்திக் கோபுர வரிசை வரும். வேலையில செத்த ஆளோட பேருக்கு முன்னாடி ஜி, என், யூ-ன்னு மூணு எழுத்து போட்டு அனுப்புவாங்க. ஜி-ன்னா அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு, என்-னா பதிவேட்டுல எழுதாதே, யூ-ன்னா வரிசை முடிஞ்சா திருப்பி அனுப்பு. பேர் கோபுரம் கோபுரமா ஓடிக்கிட்டே இருக்கும். 2015-ல அவர் இறந்ததும் வாசகர்கள் இதை நிஜமாவே செஞ்சாங்க: சர்வர் பக்கத்தோட சேர்த்து அனுப்பற மறைவான தகவல் வரிகள்ல (ஹெடர்) எக்ஸ்-கிளாக்ஸ்-ஓவர்ஹெட்னு ஒரு வரி, அதுல அவர் பேர். பக்கத்துல எதுவும் தெரியாது, பேர் மட்டும் போய்க்கிட்டு இருக்கும். உங்க வீட்டு ஆள் பேரையும் சேர்க்கலாம்.

என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் மென்பொருள்ல ஆட்_ஹெடர் வரி ஒண்ணு போதும். ரெண்டு இடத்துல மாட்டிக்குவீங்க. லொகேஷன் பிளாக்குக்குள்ள அந்த வரியைப் போட்டா, மேல சர்வர் பிளாக்ல இருக்கற பாதுகாப்பு ஹெடர் எல்லாம் அந்த லொகேஷனுக்கு வராமப் போயிடும். அதனால மத்த ஹெடர் எங்க இருக்கோ அங்கயே சேருங்க. 404 பக்கத்துலயும் பேர் போகணும்னா வரி முடிவுல ஆல்வேஸ் போடணும். அப்புறம் பேரை ஆங்கில எழுத்துல எழுதுங்க. தமிழ் எழுத்து ஹெடர்ல சில இடத்துல குப்பையா மாறும், சில சர்வர் பிழை காட்டி பக்கத்தையே நிறுத்திடும்.